வராதவள் வாங்கித் தர வேண்டிய டீ

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் இவ்வளவுதான்: நான், பக்கத்து வீட்டு மதினி, செண்பகனூர் பஸ் ஸ்டாப்பில் ஸ்வெட்டர் கடை வைத்திருக்கும் அக்கா, காட்டேஜ் ஒன்றில் அறை கூட்டுகிற தங்கச்சி, டீக்கடை அண்ணன். அப்புறம் ரோட்டின் குறுக்கே ஒரு காட்டுமாடு. மாட்டை ஏன் சேர்க்கிறேன் என்றால், அது அன்றைக்கு வழி விட்டிருந்தால் நாங்கள் வழக்கம்போல் நடந்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். இதை எழுத என்னிடம் எதுவும் இருந்திருக்காது.

நடப்பது நானாக ஆசைப்பட்டுப் பிடித்த பழக்கமில்லை. சாக்லேட் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து, கலர் தாளில் சாக்லேட் மடிப்பதுதான் என் சோலி. உடைந்த துண்டுகளை நாங்களே தின்றுகொள்ளலாம். நான் கொஞ்சம் அதிகமாகவே தின்றிருப்பேன் போல. சுகர் வந்துவிட்டது. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "தினமும் நடங்க. நடக்கலைன்னா மாத்திரையோட நிக்காது, ஊசி போட வேண்டியது வரும்" என்றார். எனக்கு ஊசி என்று காதில் விழுந்தாலே கை சில்லிட்டுப் போகும். அதனால் நடந்தேன்.

நடந்தேன் என்று சொல்வதைவிட, இழுத்துக்கொண்டு போனார்கள் என்று சொல்வதுதான் சரி. இழுத்தவள் மதினி. அவள் புருஷன் டூரிஸ்ட் வேன் ஓட்டினார். எந்த முறையில் அவள் எனக்கு மதினி என்று கேட்டால் எங்கள் இருவருக்குமே தெரியாது. நான் அவளை மதினி என்பேன், அவளும் என்னை மதினி என்பாள். வெள்ளனே எழுந்து என் ஜன்னலைத் தட்டுவாள். நான் போர்வைக்குள்ளிருந்து அன்றன்றைக்கு ஒரு காரணம் சொல்வேன். மழை வரும்போல இருக்கு. பனி நெஞ்சில் கட்டிக்கொள்ளும். கீழ் வளைவில் சிறுத்தை உட்கார்ந்திருந்ததாகப் போனில் வந்திருக்கு. அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, செருப்பை மாட்டுங்க" என்பாள்.

வழியில் ஸ்வெட்டர் கடை அக்காவும் தங்கச்சியும் சேர்ந்துகொள்வார்கள். அந்த நடையில் எனக்கு ஒரு சுகமும் தெரியவில்லை. எப்போது திரும்புவோம் என்று யோசித்துக்கொண்டே போவேன். திரும்பும்போது, நாளைக்கும் வரணுமே என்று யோசித்துக்கொண்டே வருவேன்.

காட்டுமாடு நின்ற அன்றைக்கு, "போயிருவோம் மதினி. மாடே சொல்லிருச்சு, இன்னைக்கு வேணாம்னு" என்றேன்.

"மாடு இன்னைக்குத்தான் சொல்லுது. நீங்க தினமும் சொல்றீங்க" என்றாள் அவள்.

ஸ்வெட்டர் கடை அக்கா மாட்டை ஏற இறங்கப் பார்த்தார். "அது நிக்கிற நிப்பைப் பாத்தா எங்க வீட்டுக்காரரு மாதிரியே இருக்கு. நகரச் சொன்னா நகராது. நாமதான் ஒதுங்கணும்."

ஒதுங்கினோம். டீக்கடைக்குப் பின்னால் ஒரு காலி இடம் உண்டு. இரண்டு தைல மரங்களும், அவற்றுக்கு நடுவே டீக்கடை அண்ணன் துணி காயப்போடக் கட்டிய கயிறும். ஒரு பக்கம் சரிவு. குளிர் எலும்பைக் கடித்தது. மதினி தன் கம்பளிக் குல்லாவைக் கழற்றிச் சுருட்டி, சாக்ஸ் ஒன்றையும் உள்ளே திணித்து உருண்டையாக்கினாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய் நின்று, "பிடிங்க மதினி" என்று என் பக்கம் எறிந்தாள்.

இரண்டு கையாலும் பிடித்துவிட்டேன். பிடித்தேன் என்பதே எனக்கு ஆச்சரியம். தோளுக்கு மேலாக ஒரே கையால் திருப்பி எறிந்தேன். அது எனக்கு எப்படித் தெரியும் என்று மதினி கேட்டாள். நான் சொல்லவில்லை.

அது நான் படித்த கவுஞ்சிப் பள்ளிக்கூடத்தில் பார்த்தது. அங்கே சாயங்காலம் கடைசி பீரியடில் பெரிய பெண்கள் வலை கட்டி த்ரோபால் ஆடுவார்கள். ஒன்பதாம் வகுப்பு போனால்தான் பந்து கைக்கு வரும். சின்ன வகுப்புப் பெண்கள் சுற்றி நின்று, வெளியே விழுகிற பந்தை எடுத்துக் கொடுக்கலாம். எடுத்துக் கொடுக்கிற அந்த ஒரு நொடி பந்து கையில் இருக்கும். எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சை லீவில் பூண்டு பிடுங்கப் போன நான் திரும்பப் பள்ளிக்கூடம் போகவில்லை. வீட்டுக் கஷ்டம், அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. புத்தகத்துக்காக நான் ஏங்கியதில்லை. காட்டில் பூண்டைக் கட்டுக் கட்டி லாரியில் தூக்கிப் போடும்போதெல்லாம் கை அந்தப் பந்தைத்தான் எறிந்தது.

மாடு மேய்ந்துவிட்டுப் போனதை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. டீக்கடை அண்ணன் வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. என் முதுகு நனைந்திருந்தது. மாதக்கணக்கில் நடந்தும் வேர்க்காத உடம்பு குல்லாவை எறிந்து வேர்த்திருந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது, நாளைக்கும் வரணுமே என்று தோன்றவில்லை. நாளைக்கு எப்போது விடியும் என்று இருந்தது.

அப்புறம் நிஜப் பந்து வந்தது. எங்களுக்கென்று சட்டங்களும் வந்தன. புடவையை இழுத்துச் செருகி, மேலே ஸ்வெட்டர், காலில் வீட்டு ஆண்களின் பழைய ஷூ. கயிற்றில் பட்டால் அவுட். பந்து சரிவில் உருண்டால் எறிந்தவளே இறங்கி எடுத்து வர வேண்டும். அந்தச் சரிவில் இறங்கி ஏறுவதற்குள் மூச்சு வாய்க்கு வந்துவிடும். ஏறி வருகிறவளை மேலே நின்று நாங்கள் கேலி செய்வோம். "அங்கனயே ஒரு குடிசை போட்டுக்கங்க அக்கா, சும்மா சும்மா போயிட்டு வர வேணாம்" என்று தங்கச்சி ஸ்வெட்டர் கடை அக்காவைப் பார்த்துச் சொல்வாள். "ஏடி, என் முழங்காலு உனக்கு வரட்டும், அப்பப் பேசு" என்பார் அக்கா.

இத்தனை ஆசை இருந்தும், என் பயம் என்னை விட்டதா? இல்லை. ஆட்டத்தில் இருக்கும்வரை பயமில்லை. வீட்டிலிருந்து கிளம்புவதுதான் கஷ்டம். இடி இடித்தால் நின்றுவிடுவேன். கெட்ட கனவு வந்தால் நின்றுவிடுவேன். இதற்காகவே மதினி தண்டம் வைத்தாள். டீக்கடை பெஞ்சில் வைத்துத்தான் அந்தப் பேச்சு நடந்தது.

"இனிமே வராதவங்க, வந்தவங்களுக்கு எல்லாம் டீ வாங்கித் தரணும்" என்றாள்.

"மழை பேஞ்சா?" என்று கேட்டேன்.

"குடை பிடிச்சிட்டு வந்து டீ குடிச்சிட்டுப் போங்க. வந்த கணக்குதான்."

"காய்ச்சல்னா?"

"காய்ச்சலுக்கு விட்டுருவோம். காய்ச்சல் வருமோன்னு பயந்தா விட மாட்டோம்."

எதையும் கடைசிவரை யோசித்துப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி. அதனால் இன்னொன்றும் கேட்டேன். "யாருமே வரலைன்னா?"

"யாருமே வரலைன்னா யாருக்கு டீ வாங்குறது? அன்னைக்குக் கணக்கே கிடையாது" என்றாள் மதினி. அக்கா சிரித்து டீயைச் சிந்திவிட்டார்.

டீ பன்னிரண்டு ரூபாய். நான் நின்றால் மூன்று பேருக்கு முப்பத்தாறு. விடியலில் கண் விழித்து என் பயத்தையும் முப்பத்தாறு ரூபாயையும் தராசில் வைத்துப் பார்ப்பேன். பயத்துக்கு அவ்வளவு விலை கொடுக்க மனசு வராது. ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஆஸ்பத்திரியில் சுகர் இறங்கியிருப்பதாகச் சொன்னார்கள். டாக்டரம்மா என்ன செய்கிறீர்கள் என்று கேட்டபோது, விளையாடுகிறேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. "நடக்கிறேன்மா" என்றேன்.

வேன் தவணை கட்ட முடியாமல் கையை விட்டுப் போனபோது மதினி வீட்டில் திருப்பூர் போக முடிவெடுத்தார்கள். அங்கே பனியன் கம்பெனியில் இருவருக்கும் வேலை. போகிற அன்றைக்கும் அவள் விளையாட வந்தாள். சாமான் ஏற்றிய டெம்போ ரோட்டில் நின்று ஹாரன் அடித்தது. "இந்தா, ஒண்ணே ஒண்ணு" என்று கடைசியாக ஓங்கி எறிந்தாள். பந்து கயிற்றைத் தாண்டி, என் தலையைத் தாண்டி, சரிவில் உருண்டு போனது. எறிந்தவள்தான் எடுக்க வேண்டும். டெம்போ மறுபடி ஹாரன் அடித்தது.

"பொங்கலுக்கு வந்து எடுத்துத் தாரேன் மதினி" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

நான்தான் இறங்கி எடுத்தேன். ஏறி வரும்போது மேலே கேலி செய்ய ஆள் இல்லை. அக்காவும் தங்கச்சியும் டெம்போ போன வளைவைப் பார்த்தபடி நின்றார்கள்.

அதற்குப் பிறகு ஆட்டம் தானாக நின்றது. மூன்று பேரில் பக்கம் பிரிய முடியவில்லை. அக்காவுக்கு முழங்கால் வலி கூடியது. தங்கச்சிக்குக் காலை ஷிப்ட் என்றார்கள். நான் போர்வைக்குள் போனேன். ஜன்னலைத் தட்ட ஆளில்லாத வீட்டில் காரணம் சொல்லவும் ஆள் வேண்டியதில்லை. போனில் ஒரு பெண் குதித்துக் குதித்துச் சொல்லித் தருகிற உடற்பயிற்சியைப் போட்டுப் பார்த்தேன். எந்நேரமும் அவள் சிரித்துக்கொண்டே இருந்தது எனக்குச் சலிப்பாக இருந்தது. ஏரியைச் சுற்றி நடந்து பார்த்தேன். வாடகை சைக்கிள்களும் குதிரைகளும் இடிக்க வருவது மாதிரியே இருந்தது. பொங்கல் வந்தது. மதினி வரவில்லை. கம்பெனியில் ஆர்டர் அவசரம், லீவு இல்லை. அடுத்த முறை ஆஸ்பத்திரியில் சீட்டைப் பார்த்த டாக்டரம்மா, "நடக்குறதை விட்டுட்டீங்களா?" என்று கேட்டார். இன்னும் ஒரு மாதம் பார்ப்போம், குறையாவிட்டால் ஊசி என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் மதினி போன் செய்தாள். நாள் முழுக்க நின்றுகொண்டே பனியனில் பிசிர் நூல் பார்த்து வெட்டுகிறாளாம், கால் வீங்கிப்போகிறதாம். "விளையாடலாம்னா இங்க எல்லாம் தட்டையாக் கெடக்கு மதினி. பந்தை விட்டா விட்ட எடத்துலயே கெடக்கும்" என்றாள். பிறகு கேட்டாள்: "என் தண்டம் எம்புட்டு ஆச்சு? ஏறிப் போயிருக்குமே."

"ஒண்ணும் ஏறலை மதினி. இங்க யாருமே போறதில்லையே."

அந்தப் பக்கம் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப, நான் வராதது கணக்குலயே இல்லையா?" என்றாள்.

அவள் விளையாட்டாகத்தான் கேட்டிருக்க வேண்டும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. படுத்த பிறகும் அதையே நினைத்தேன். யாராவது ஒருத்தி அங்கே போனால்தான் அவள் வரவில்லை என்றாகும். ஒருவரும் போகாவிட்டால் அவள் வராததும் இல்லை, அவளும் இல்லை.

மறுநாள் ஜன்னலை யாரும் தட்டாமலேயே எழுந்தேன். பனிமஞ்சு இறங்கி டீக்கடை விளக்கே மங்கலாகத்தான் தெரிந்தது. சிறுத்தை, காட்டுமாடு, நெஞ்சில் சளி எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. தளர்ந்து கிடந்த கயிற்றை இழுத்துக் கட்டினேன். இந்தப் பக்கம் நின்று பந்தை எறிந்தேன், கயிற்றுக்கு அடியில் குனிந்து ஓடினேன், பிடிக்க முடியவில்லை. பந்து சரிவில் உருண்டது. இறங்கினேன், ஏறினேன். மறுபடி எறிந்தேன்.

டீக்கடை அண்ணன் எட்டிப் பார்த்து, "யாரு கூடக்கா விளையாட்டு?" என்றார்.

"வராதவங்க கூட" என்றேன்.

அவர் ஒரு டீயை ஆற்றி வைத்தார். குடித்தேன். காசை நான்தான் கொடுத்தேன். ஆனால் அது மதினி வாங்கித் தந்திருக்க வேண்டிய டீ. பன்னிரண்டு ரூபாய் என்று மனசில் எழுதிக்கொண்டேன்.

சில நாட்களில் அக்கா முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். "நீ தனியா ஓடுறதைப் பாத்தா ஊருல என்ன சொல்வாங்க? நகரு, நான் நின்னே பிடிக்கிறேன்" என்று எழுந்தார். தங்கச்சியும் ஷிப்டை மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். இருவர் ஒரு பக்கம், ஒருத்தி ஒரு பக்கம். நான் எப்போதும் ஒருத்தி இருக்கும் பக்கம் நிற்பேன். என் பக்கத்தில் ஒரு ஆள் இடம் விட்டு நின்று பழகிவிட்டது. அங்கே வருகிற பந்தைச் சில சமயம் விட்டுவிடுகிறேன். "ஏத்தா, அது உன் பந்துல்ல?" என்று அக்கா கத்துவார்.

ஊசி இன்னும் வரவில்லை. மாத்திரையோடு நிற்கிறது.

போன வாரம் மதினி மறுபடி போன் செய்தாள். போனஸ் வந்ததாம். "கணக்கைச் சொல்லுங்க மதினி. போன்லயே போட்டு விட்டுர்றேன். கடனை முடிச்சிருவோம்."

இந்த வருஷம் லீவு கிடைக்குமா என்று நான் கேட்கவில்லை. கடனை முடிக்கிறவள் எதற்காக வருவாள்?

"டீயைப் போன்ல ஊத்த முடியுமா மதினி? பெஞ்சுல உக்காந்து, கையில வாங்கிக் குடுத்தாத்தான் கணக்கு. அதுதான நீங்க வச்ச சட்டம்?"

சிரித்தாள். "அப்ப ஏறிக்கிட்டே போகட்டுமா?"

"போகட்டும்" என்றேன்.

இன்று காலையும் மஞ்சு. மூன்று பேரும் வந்திருந்தோம். கடைசிப் பந்து என்னுடையது, சரிவில் போனது. இறங்கி எடுத்துக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். டீயை ஆற்றிக்கொண்டே அண்ணன் எம்புட்டு ஆச்சு என்றார். இன்றைய முப்பத்தாறையும் சேர்த்துச் சொன்னேன்: மதினி எங்களுக்குத் தர வேண்டியது நாலாயிரத்து எழுநூற்றுப் பதினாறு ரூபாய்.