நான் வெட்டிய ‘ம்’

எங்கள் பள்ளி பசுவந்தனைப் பக்கம். மூன்றாம் வகுப்புக்கு நான்தான் டீச்சர். பிள்ளைகள் எதையும் காதில் வாங்குவதில்லை என்று எனக்கு ஓயாத எரிச்சல். ஊர்க் கதைகளைப் பதிவுசெய்து ஸ்பீக்கரில் போட்டுப் பார்ப்போம் என்று தோன்றியது.

பருத்தி எடுத்து முடிந்த கரிசல் காட்டில், என் மாணவி ஒருத்தியின் அம்மா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். மழையோடு வழக்காடப் போன நரியின் கதையை என் செல்போனில் சொன்னார். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி என் முகத்தைப் பார்ப்பார். நான் ‘ம்’ என்றால்தான் அடுத்த வரி. வீட்டுக்கு வந்து அத்தனை ‘ம்’களையும் இடைவெளிகளையும் வெட்டி எறிந்தேன். கதை தடங்கலில்லாமல் ஓடியது. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

வாயைத் திறக்காமல் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வகுப்பில் போட்டேன். பிறகு கேள்வி கேட்டால் பாதிப் பேர் திருதிருவென்று முழித்தார்கள். அந்தப் பெண்ணோ, பெற்ற தாயின் குரல் ஒலிக்க, சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு முன்கோபம் அதிகம். “ஏட்டி, ஒனக்குக் காது கேக்குதா இல்லையா?” என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். அதோடு விட்டேனா? கோவில்பட்டிக்குக் கூட்டிப்போய்க் காதைக் காட்டும்படி அம்மாவுக்குச் சொல்லியனுப்பினேன்.

ஆடுகளை விட்டுவிட்டு வர அவருக்கு ஒரு வாரம் ஆயிற்று. பதிவைப் போட்டுக் காட்டினேன். பாதியிலேயே கையமர்த்தினார்.

“என்ன டீச்சர், ‘ம்’ கொட்ட எடமே விடல? எங்க வீட்ல ‘ம்’ கொட்டலன்னா நான் கதைய நிப்பாட்டிருவேன். இது பாட்டுக்குப் போகுது. யாருக்கோ சொல்லுத கதைன்னுல்லா பிள்ள இருந்திருப்பா.”

எனக்குச் சுருக்கென்றது. நல்லவேளை, வெட்டாத பதிவு செல்போனிலேயே இருந்தது. அதை அப்படியே போட்டு, வாயைத் திறக்கலாம் என்றேன். இரண்டாவது வரிக்கே வகுப்பு மொத்தமும் ‘ம்’ கொட்டியது. அவள் குரல்தான் முந்தி நின்றது. நரி யாரிடம் வழி கேட்டது என்றதும் மூன்று பேரையும் வரிசையாகச் சொன்னாள், நரி சொன்ன பொய்யையும் சேர்த்து. இவளுக்குக் காது நன்றாகக் கேட்கிறது, தப்பு என்னுடையதுதான் என்று வகுப்பிலேயே சொன்னேன். சொன்னதில் மனசு லேசானது.

சாயங்காலம் வாசலில் நின்ற அவளுடைய தோழி, “ஏட்டி செவிடி, வாரியா?” என்று கூப்பிட்டாள். கேலியே இல்லாத குரல். பெயர் சொல்லிக் கூப்பிடுவது போலத்தான் இருந்தது.

அவளும் சட்டென்று திரும்பி, “வாரேன்” என்று ஓடினாள்.