தைலமரப் புகையும் எங்கள் நடு அறையும்

எங்கள் ஊர் திருமயத்துக்குக் கிழக்கே தைலமரக் காட்டை ஒட்டி இருக்கிறது. காடு என்றால் தானாக வளர்ந்த காடு அல்ல. வரிசை பிடித்து நட்டு, வளர்ந்ததும் வெட்டி லாரியில் ஏற்றிவிட்டு, அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்க விடுகிற காடு. நான் அந்த ஊரின் தபால் ஆபீசில் போஸ்ட்மாஸ்டர். ஆபீஸ் என்பது எங்கள் வீட்டு முன்னறைதான். ஒரு மேசை, ஒரு தராசு, முத்திரைக் கட்டை, வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. அதற்குப் பின்னால் நடு அறை, பிறகு சமையலறை. வீட்டில் நானும் என் மனைவியும் மட்டும். மகன் சிங்கப்பூரில் இருக்கிறான்.

நடு அறையின் ஜன்னல் வீட்டை ஒட்டிய சந்துப் பக்கம் பார்த்து இருக்கும். தெருக்குழாய்க்குப் போகிற பெண்கள் எல்லோரும் அந்தச் சந்து வழியாகத்தான் போவார்கள். என் மனைவி காலையில் எழுந்ததும் அந்த ஜன்னலைத் திறப்பாள். யார் வீட்டில் என்ன குழம்பு, யாருக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், எந்த ஆடு இரட்டைக் குட்டி போட்டது என்பதெல்லாம் ஜன்னல் கம்பி வழியாகவே வீட்டுக்குள் வரும். முன்னறையில் நான் பேசுகிற மொத்தப் பேச்சைவிட அந்த ஜன்னலில் அவள் ஒரு காலையில் பேசுவது அதிகம்.

கொரோனா வந்து போனதிலிருந்து அவளுக்கு வீசிங் ஆரம்பித்தது. முதலில் பனிக்காலத்தில் மட்டும் வந்தது. பிறகு தாளிக்கிற நெடிக்கும் வந்தது. விறகடுப்பை விட்டோம். சாம்பிராணி போடுவதை விட்டோம். கொசுவர்த்திக்குப் பதிலாகக் கொசுவலை கட்டினோம். இவ்வளவும் எங்கள் கையில் இருந்த காரியங்கள். செய்தோம், அவளும் தேறினாள்.

காட்டில் தீப்பிடித்தது ஒரு பங்குனி மத்தியானம். யாரோ பீடியை அணைக்காமல் போட்டிருக்க வேண்டும் என்றார்கள். தைலமரச் சருகு எண்ணெய் ஊறிய காகிதம் போல எரியும். திருமயத்திலிருந்து தீயணைப்பு வண்டி வந்து, இருட்டுவதற்குள் நெருப்பை அடக்கிவிட்டார்கள். எல்லோரும் முடிந்தது என்றுதான் நினைத்தோம். ஆனால் மண்ணுக்குள் அடிக்கட்டைகளும் வேர்களும் கனன்றுகொண்டே கிடந்தன. பகலில் காற்று அடித்தால் புகை எங்காவது போய்விடும். விடியற்காலையில் காற்று அடங்கியதும் அது இறங்கி வந்து, தெருவில் முழங்கால் உயரத்துக்குப் பால் ஊற்றியது போல நிற்கும்.

அந்தப் புகையில் தைல வாசனை அடித்தது. அதனால் ஊரில் யாரும் பயப்படவில்லை. "சளிக்கு நல்லதுங்க, ஆவி பிடிச்ச மாதிரி இருக்கு" என்று ஆபீசுக்கு வந்த ஒருவர் மூச்சை இழுத்துக் காட்டினார். நானும் சிரித்தேன்.

மறுநாள் விடிகிற நேரத்தில் என் மனைவி கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக்கொண்டு, மூச்சுக்காகத் தோளைத் தூக்கித் தூக்கி இறக்கினாள். நெஞ்சிலிருந்து விசில் சத்தம் வந்தது. ஆட்டோ பிடித்துத் திருமயம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். முகத்தில் குழாய் மாட்டி மருந்துப் புகை கொடுத்தார்கள். வெயில் ஏறிய பிறகுதான் அவளால் ஒரு வாக்கியத்தை நிறுத்தாமல் சொல்ல முடிந்தது.

டாக்டர் சின்ன வயதுப் பெண். பொறுமையாகப் பேசினார்.

"வீட்டுல ஜன்னலுக்கு ஈரத்துணி கட்டியிருக்கோம்மா" என்றேன்.

"ஈரத்துணி கண் எரிச்சலுக்கு ஆகும் ஐயா. நெஞ்சுக்குள்ள போற தூசி கண்ணுக்கே தெரியாது, அது துணியில நிக்காது. ஒரே ஒரு ரூமை எடுத்துக்கங்க. கதவு, ஜன்னல், சந்து பொந்து எல்லாத்தையும் அடைங்க. அதுக்குள்ள வடை சுடுறது, பத்தி கொளுத்துறது எதுவும் வேணாம். விளக்குமாறு போட்டுக் கூட்டாதீங்க, ஈரத்தால தொடைங்க. வெளிய வந்தா அந்த வெள்ளை மாஸ்க், மூக்கோட ஒட்டி நிக்குற மாஸ்க் போடணும். துணி மாஸ்க் போதாது."

"எப்பத் தெறக்கலாம்?" என்று கேட்டது என் மனைவி.

"மொட்டைமாடியில ஏறிப் பாருங்க. எப்பவும் தெரியுற மலையோ கோபுரமோ தெரியலைன்னா தெறக்காதீங்க."

எங்கள் மாடியிலிருந்து திருமயம் கோட்டை தெரியும். அன்று தெரியவில்லை.

நடு அறையை அடைத்தேன். ஜன்னல் கதவின் இடுக்குகளில் பிரவுன் டேப் ஒட்டினேன். கதவுக்குக் கீழே பழைய சேலையைச் சுருட்டி வைத்தேன். மகன் காற்றைச் சுத்தம் செய்கிற மிஷின் ஒன்றை ஆன்லைனில் வாங்கி அனுப்பினான். பார்சல் எங்கள் ஆபீசுக்குத்தான் வந்தது. போஸ்ட்மாஸ்டராக நானே எடுத்து, வாங்குகிறவனாக நானே கையெழுத்துப் போட்டு, பத்தடி தள்ளி இருந்த அறைக்குள் கொண்டுபோய் வைத்தேன். அதைப் பார்த்து அவள் சிரித்தாள். புகை வந்த பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

அறைக்குள் அவளுக்கு மூச்சு சீரானது. ஆனால் தெருச்சத்தம் உள்ளே வரவில்லை. மிஷின் இரைச்சல் மட்டும் இருந்தது. முன்னறைக் கதவை நான் அடைக்க முடியாது, அது ஆபீஸ். முதியோர் பென்ஷன் வாங்க வருகிறவர்கள், நூறு நாள் வேலைச் சம்பளம் எடுக்க வருகிறவர்கள் என்று ஆள் வந்தபடி இருப்பார்கள். வேலை முடியும்வரை நான் உள்ளே போகவில்லை. கதவைத் திறந்தால் புகையும் கூட வருமே என்று பயம். ஒரே வீட்டில் ஒரு கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருந்துகொண்டு போனில் பேசினோம்.

"சாப்டீங்களா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சு. சந்துல யாரும் போறாகளா?"

"ரெண்டு பேர் போறாக."

"யாரு?"

நான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

காட்டுப் புகை போதாதென்று எதிர்வீட்டில் தினமும் மாலை குப்பை எரிப்பார்கள். வேப்பஞ்சருகு, பிளாஸ்டிக் பை, தென்னமட்டை எல்லாம் சேர்த்து. அந்த வீட்டுப் பெண் என்னை அண்ணன் என்றும் என் மனைவியை மதினி என்றும் கூப்பிடுகிறவள். ஜன்னல் பேச்சில் முதல் ஆள் அவள்தான். நான் போய்ச் சொன்னேன், கொஞ்ச நாளைக்கு எரிக்க வேண்டாம் என்று. நல்லபடியாகத்தான் சொன்னதாக நினைவு.

"என்னண்ணே இது? ஒங்க வீட்டுக்காக ஊரே அடுப்ப அணைக்கணுமா? நாங்க இத்தன வருசமா இங்கிட்டுத்தான எரிக்கிறோம்?"

"அடுப்பச் சொல்லலம்மா. குப்பைய மட்டும்..."

"ஜன்னலச் சாத்தியாச்சு, கதவச் சாத்தியாச்சு, எங்க மூச்சுக்காத்தே ஆகாதுன்னு உள்ள மிஷினு வேற. எரிக்கல, போங்க."

அவள் எரிப்பதை நிறுத்தினாள். சந்து வழியாகப் போவதையும் நிறுத்தினாள். அவளோடு போகிற மற்றவர்களும் குழாய்க்குச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். என் மனைவிக்கு இதை நான் சொல்லவில்லை. ஆனால் "யாரும் போறாகளா?" என்று அவள் கேட்கும்போது நான் யோசித்துப் பதில் சொல்வதை வைத்தே அவள் கண்டுபிடித்துவிட்டாள். பிறகு கேட்பதை விட்டாள்.

ஒரு நாள் ஆபீஸ் நேரம் முடிந்து உள்ளே போனேன். துணிப்பையில் சேலைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேங்க. இப்படிப் பொட்டிக்குள்ள வச்சாப்புல இருக்க என்னால முடியல."

அவள் தங்கை மணமேல்குடிப் பக்கம் கடலோர ஊரில் இருக்கிறாள். தங்கையின் வீட்டுக்காரர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். மறுநாள் ஞாயிறு. அரிமளம், அறந்தாங்கி என்று பஸ் மாறிப் போனோம். வழியெல்லாம் மாஸ்க்கோடு கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். அறந்தாங்கி தாண்டி உப்புக்காற்று முகத்தில் பட்டதும் மாஸ்க்கைக் கழற்றினாள். அந்தக் கரையில் கடல் அலையடிக்காது, கண்மாய் போலச் சும்மா கிடக்கும். அதன் முன்னால் நின்று, வாயை மூடிக்கொண்டு, மூக்காலேயே மூச்சை உள்ளே இழுத்து வெளியே விட்டாள். மறுபடியும் இழுத்தாள். பக்கத்தில் நான் நிற்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

திங்கட்கிழமை ஆபீஸ் திறக்க வேண்டும். போஸ்ட்மாஸ்டர் அந்தந்த ஊரிலேயே குடியிருக்க வேண்டும் என்பது விதி. அன்று சாயங்காலமே திரும்பினேன்.

அந்தக் கோடையில் தனியாகச் சமைக்கக் கற்றுக்கொண்டேன். ரசமும் அப்பளமும். பிறகு அப்பளத்தையும் விட்டேன், எண்ணெய் காய்கிற புகைக்குப் பயந்து. வீட்டில் அவள் இல்லை, ஆனாலும் அடுப்பைப் பற்ற வைக்கும்போது கை தயங்கும். தினம் காலையில் போன் வரும்.

"கோட்ட தெரியுதா?"

"மங்கலாத் தெரியுது."

"அப்ப இன்னும் ஆகல."

அதற்கு மேல் பேச எனக்கு எதுவும் இருக்காது. அவளுக்கு இருக்கும். மீன் கொண்டு வருகிற பெண் சொன்னது, தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் புதிதாகக் குடிவந்தவர்கள், கடையில் நடந்த சண்டை. கேட்டுக்கொண்டே இருப்பேன். அவள் குரலில் இழுப்பு இல்லை. அது சந்தோஷம்தான். ஆனால் போனை வைத்த பிறகு வீடு ரொம்பப் பெரியதாக இருக்கும்.

ஆவணியில் நல்ல மழை பெய்ததும் வந்தாள். டேப்பைப் பிய்த்து ஜன்னலைத் திறந்தாள். சந்தில் ஓரிருவர் நின்று பேசினார்கள். எதிர்வீட்டுப் பெண் வரவில்லை.

அடுத்த வருஷம் மாசி பிறந்ததும் அவளே பையை எடுத்தாள். நான் பஸ் ஏற்றிவிட்டேன். பங்குனியில் காட்டின் வேறொரு பக்கம் தீப்பிடித்தது. இந்த முறை புகை இன்னும் அடர்த்தியாக இறங்கியது. அன்று காலை ஆபீஸ் திறப்பதற்கு முன் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். எதிர்வீட்டுப் பெண். பின்னால் அவள் மகள், தோளில் பச்சைக்குழந்தை. தலைப்பிரசவத்துக்கு வந்தவள். குழந்தை சேலை முந்தானைக்குள் இருமிக்கொண்டிருந்தது. பிறந்த குழந்தை இருமுகிற சத்தம் பூனை தும்முவது போல இருக்கும். அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அவள் என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். "அண்ணே, மதினி ரூமு சும்மாத்தான இருக்கு..."

"வாங்க, உள்ள வாங்க" என்றேன்.

முதலில் குழந்தையை ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லி ஆட்டோ வரவழைத்தேன். நெஞ்சில் ஒன்றும் இல்லை, புகைபடாமல் வைத்திருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அவர்கள் போய் வருவதற்குள் புது டேப் ஒட்டி, தரையை ஈரத்துணியால் துடைத்து, மிஷினின் வடிகட்டியை மாற்றினேன். தாயும் பிள்ளையும் புகை ஓயும்வரை அந்த அறையில் இருந்தார்கள். எதிர்வீட்டுப் பெண் சாப்பாடு கொண்டு வருவாள். எனக்கும் ஒரு கிண்ணத்தில் குழம்பு வரும். கரண்டு போனால் மிஷின் நின்றுவிடும், குழந்தை அழும். முன்னறையில் முத்திரை குத்திக்கொண்டே அதைக் கேட்பேன்.

என் மனைவிக்குப் போனில் சொன்னேன். நம்பவில்லை.

"அவளா வந்தா?"

"அவதான்."

"குடுங்க அவகிட்ட."

இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசினார்கள். ஒருத்தி அழுதாள், யார் என்று எனக்குத் தெரியவில்லை. "நீ வந்துரு மதினி, எங்க தெருவுல இனி யாரும் எரிக்க மாட்டாக. நான் பாத்துக்கிறேன்" என்று அவள் சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

குழந்தையும் தாயும் புகை தெளிந்ததும் போய்விட்டார்கள். என் மனைவி உடனே வந்துவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். "வாரேன்" என்றாள். மழைக்குத்தான் வந்தாள். இங்கே குப்பை எரியாவிட்டாலும் காடு எரியுமே என்றாள். நியாயம்தான்.

சென்ற கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போயிருந்தேன். வெயில் தாழ்ந்ததும் கரையோரம் நடந்தோம். முன்பெல்லாம் நான்கு எட்டு வைத்தால் நின்று மூச்சு வாங்குகிறவள், முன்னால் போய்க்கொண்டே இருந்தாள். அவள் திரும்பிப் பார்த்தபோது நான் வெகுதூரம் பின்தங்கி ஒரு படகைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்னங்க?"

"மணலு. கால் பொதையுது."

அவள் திரும்பி வந்து என் முதுகில் காதை வைத்துக் கேட்டாள், டாக்டர் போல.

"மணலு இல்ல இது. நீங்க மாஸ்க்கு போடுறீகளா?"

"ஆபீசுல ஆளு வருவாக. மாஸ்க்கு போட்டா நான் பேசுறது அவுகளுக்குப் புரியாது."

"எந்த ரூம்ல படுக்கிறீக?"

"முன்னறையிலதான்."

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்கு ரூமு அடைச்சீக. ஊராம்பிள்ளைக்கு அடைச்சீக. நீங்க மட்டும் வாசல்ல கெடந்து பொகையத் திங்கிறீகளா?" என்று கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினாள். பிறகு குரல் இறங்கி, "நான் இல்லாட்டி ஒங்கள யாரு பாப்பாக?" என்றாள்.

அந்தத் திங்கட்கிழமை லீவு போட்டேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு உடம்புக்கென்று நான் போட்ட முதல் லீவு. எனக்குப் பதில் ஆள் ஏற்பாடு செய்ய முந்தின நாளே போன் போட்டேன். அறந்தாங்கியில் டாக்டரிடம் கூட்டிப்போனாள். ஒரு கருவியில் ஊதச் சொன்னார்கள். மூச்சுக்குழல் சுருங்கியிருக்கிறது, கவனித்தால் போதும் என்றார் டாக்டர். எனக்கும் ஒரு இன்ஹேலர் எழுதினார். அதை எப்படி உறிஞ்சுவது, உறிஞ்சிய பிறகு எப்படி வாய் கொப்பளிப்பது என்று பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் உட்கார்ந்து என் மனைவி சொல்லிக் கொடுத்தாள்.

இப்போது ஆபீசில் மாஸ்க் போட்டுத்தான் உட்கார்கிறேன். வருகிறவர்களிடம் கொஞ்சம் சத்தமாகப் பேசுகிறேன். இரவில் நடு அறையில், அவள் கட்டிலில் படுக்கிறேன். அவளுடைய தலையணையை எடுத்து மாற்றவில்லை. காற்று சுத்தமாக இருக்கிறது, இருமல் குறைந்திருக்கிறது. ஓய்வு பெற இன்னும் சில வருஷங்கள் இருக்கின்றன. அதன் பிறகு நானும் அங்கிட்டே வந்துவிடலாமா என்று ஒருமுறை கேட்டேன். "வாங்களேன்" என்றாள். வீட்டை என்ன செய்வது என்று இரண்டு பேருமே பேசவில்லை.

இந்த வருஷம் பொங்கல் முடிந்த வாரமே கிளம்பிவிட்டாள். பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது எதிர்வீட்டுப் பெண் சந்தில் குடத்தோடு நின்று, "மதினி போயாச்சா அண்ணே?" என்று கேட்டாள். போயாச்சு என்றேன். சாயங்காலம் குழம்பு கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுக் குழாய்ப் பக்கம் போனாள். நான் ஆபீசைத் திறந்தேன்.