மோட்டார் எரிந்துபோன கோடை

என் கையெழுத்து கோழிக் கிறுக்கல். எழுத்துப் பிழைகளும் நிறைய இருக்கும். தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவதோடு நின்றவன் நான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் எனக்கு வாய் வராது.

போன வாரம் பெரியப்பாவின் மகளான அக்கா வீட்டில் எல்லாரும் கூடியிருந்தோம். பழைய கதை ஓடிக்கொண்டிருந்தது. அக்கா சிரித்துக்கொண்டே, "நான் பஞ்சாபிக்காரரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போனப்ப தம்பி ஒருத்தன்தான் எனக்காக நின்னான். அம்மா ஒரு துரும்பக்கூட நகத்தல" என்றார். தம்பி என்று அவர் சொன்னது தன் கூடப்பிறந்தவரை, எனக்கு அவர் அண்ணன். பெரியம்மா அங்கேதான் கட்டிலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். அடுத்த காயை எடுத்துப் பிளந்தார். நான் டீ கிளாசைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு வந்துவிட்டேன். அக்கா சொன்னது சரியில்லை என்பது பெரியம்மாவை விட்டால் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்ததும், என்னைத் தில்லி லக்ஷ்மிபாய் நகரில் பெரியப்பாவின் குவார்ட்டர்ஸில் கொண்டுவந்து விட்டார்கள். இரண்டாவது மாடி. கடைக்குப் போவது, பால் வாங்குவது, தண்ணீர் பிடிப்பது என் வேலைகள். "இவனப் பத்தி ஒரு புகார் வந்துச்சு, அன்னைக்கே திருப்பி அனுப்பிருவேன்" என்று பெரியப்பா முதல் நாளே சொல்லிவிட்டார். திரும்பிப் போனால் ஜுக்கியில், எங்கள் குடிசையில், மூன்று வேளைச் சோறு கிடையாது. அதனால் நான் அந்த வீட்டில் சத்தம் வராமல் நடக்கப் பழகியிருந்தேன்.

நான் வருவதற்குச் சில மாதம் முன்புதான் அக்கா கல்யாணம் பண்ணிக்கொண்டு போயிருந்தார். அவருக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். அவர் பெயரை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. கடிதம் வந்தால் பெரியப்பா பிரிக்காமல் திருப்பி அனுப்புவார். போனில் வெளியூருக்குப் பேச முடியாதபடி எஸ்.டி.டி. பூட்டியிருந்தது. பெரியப்பா அண்ணனின் ஈமெயில் பாஸ்வேர்டை வாங்கி வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை தோறும் உட்கார்ந்து படித்தார். அரசாங்க ஆபீசில் முப்பது வருஷம் ஃபைல் பார்த்தவர். எந்தக் காகிதத்தையும் புரட்டிப் பின்பக்கமும் பார்ப்பார். ஆபீஸ் விட்டு ஏழு மணிக்கு வந்ததும், செருப்பைக் கழற்றும் முன்பே கம்ப்யூட்டரின் தலையில் புறங்கையை வைப்பார், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பது மாதிரி. சூடாக இருந்தால் அண்ணனுக்குப் பேச்சு விழும்.

அந்தக் கம்ப்யூட்டரில்தான் அண்ணன் ஒருநாள் புதிதாக ஏதோ ஆரம்பித்தார். என்ன அண்ணே என்று கேட்டேன்.

"ஒரு ஆட்டம்டா. நம்ம கம்ப்யூட்டருக்குள்ளயே ஒரு ஊரு. எனக்குத் தெரிஞ்ச ஒரே ஒரு ஆளு மட்டும் வெளியில இருந்து உள்ள வரலாம். அதுக்கு இந்த இன்டர்நெட் டப்பாவுல ஒரு கதவு திறக்கணும்."

"கதவத் திறந்து வச்சா வேற ஆளு வந்துட்டா?"

"நீ போய் கொத்தமல்லி வாங்கிட்டு வா, போ. அப்பாகிட்ட ஒளறுன, தோல உரிச்சிருவேன்."

எனக்கு அன்றே சந்தேகம் விழுந்தது. பட்டப்பகலிலும் இரட்டைத் தாழ்ப்பாள் போடும் வீட்டில், அப்பாவுக்குத் தெரியாமல் கதவு திறக்கிறவர் நல்ல காரியத்துக்கா திறப்பார்?

கதவு சுலபத்தில் திறக்கவில்லை. அண்ணன் கம்ப்யூட்டரில் ஏதேதோ எண்களை எழுதுவார், அழிப்பார், தலையைப் பிடித்துக்கொள்வார். இன்று நான் வீடு வீடாக இன்டர்நெட் ஒயர் இழுத்து டப்பா மாட்டும் வேலையில் இருப்பதால் அவருக்கு வந்த சிக்கல் என்ன என்று சொல்ல முடிகிறது. அப்போதெல்லாம் இன்டர்நெட் கொடுத்தது பக்கத்துத் தெருக் கேபிள்காரன். அவன் கடையில் ஒரு பெரிய டப்பா, எங்கள் வீட்டில் ஒரு சின்ன டப்பா. வெளியாள் முதலில் கடைக் கதவைத் தாண்டி, பிறகு எங்கள் கதவைத் தாண்ட வேண்டும். அண்ணன் எங்கள் கதவை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு, ஆள் வரவில்லையே என்று காத்திருந்தார்.

கேபிள்காரனைக் கேட்டதும் அவன் நேராக வீட்டுக்கே வந்துவிட்டான். டப்பாவைப் பார்க்கவில்லை. பால்கனிக்குப் போய், எங்கள் வீட்டிலிருந்து யார் வீட்டுக்காவது ஒயர் போகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தான். "சச் போல் பையா, கிஸ்கோ லைன் தே ரஹா ஹை?" என்றான். உண்மையைச் சொல், யாருக்கு லைன் கொடுக்கிறாய் என்று மிரட்டல். அண்ணன் அவன் கடைக் கம்ப்யூட்டரில் இருந்த வைரஸை எடுத்துக் கொடுத்த பிறகுதான் மனம் இளகினான். வெளியிலிருந்து வருகிறவரை எங்கள் வீட்டுக்கு அனுப்பும்படி, எங்கள் டப்பாவின் நம்பரைத் தன் பெரிய டப்பாவில் பதிந்து வைத்தான்.

அதற்குப் பிறகும் ஆள் வரவில்லை. அண்ணன் கடைக்குப் போய்ப் பார்த்தால் எங்கள் டப்பாவின் நம்பர் மாறியிருந்தது. பழைய நம்பர் இப்போது வேறு யாரோ வீட்டுக்குப் போய்விட்டது. புது நம்பரைப் பதிந்துவிட்டு வந்தார். மறுநாளும் மாறிவிட்டது. மூன்றாம் நாள் கேபிள்காரன் புது நம்பரைப் பதிந்துவிட்டு, "அணைத்துப் போட்டால் நம்பர் மாறும். உன் வீட்டில் யாரோ தினமும் டப்பாவை அணைக்கிறார்கள், முதலில் அந்த ஆளைப் பிடி" என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

அண்ணன் வீட்டுக்குள் நுழைந்ததும் என்னைத்தான் பார்த்தார்.

"டேய், டப்பாவத் தொட்டியா?"

"தொடல அண்ணே. சாமி சத்தியமா."

என் கணக்கில் அது பொய் இல்லை. டப்பாவை நான் தொட்டதே கிடையாது. ஆனால் அந்த வீட்டில் பெரிய பிளக் ஓட்டை ஒன்றே ஒன்றுதான். அதில்தான் கம்ப்யூட்டர், டப்பா எல்லாவற்றுக்குமான எக்ஸ்டென்ஷன் போர்டைச் சொருகியிருந்தார்கள். தண்ணீர் மோட்டாருக்கும் அதே ஓட்டைதான். சாயங்காலம் ஐந்தரை மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும். பெரியம்மா குரல் கொடுத்ததும் நான் போர்டின் பிளக்கைப் பிடுங்கி மோட்டாரைப் போடுவேன். மாடித் தொட்டி நிரம்பியதும் மறுபடி போர்டைச் சொருகிவிடுவேன். அண்ணன் காலேஜ் விட்டு ஆறு மணிக்கு வரும்போது டப்பாவில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அண்ணன் முறைத்த முறைப்பில் எனக்கு லேசாக விளங்கியது. விளங்கியதால்தான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் புகார், புகாரென்றால் ஜுக்கி.

அது ஏப்ரல் மாதம். மறுநாள் குழாயில் தண்ணீரே வரவில்லை. தில்லிக் கோடையில் அது அதிசயமில்லை. மோட்டார் போடும் வேலையில்லை. ஆறு மணிக்கு அண்ணன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். நான் கதவிடுக்கில் நின்று பார்த்தேன்.

திரையில் மரங்கள், ஒரு வீடு, ஒரு கிணறு. அண்ணனின் பொம்மை கிணற்றடியில் நின்றது. கொஞ்ச நேரத்தில் காட்டுப் பக்கமிருந்து இன்னொரு பொம்மை வந்தது. அதன் தலைக்கு மேல் இங்கிலீஷில் ஏதோ பெயர். வெளியாள் உள்ளே வந்துவிட்டான். கத்தியை எடுப்பான் என்று பார்த்தால், அவன் பேசாமல் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துகொண்டான். அண்ணன் பொம்மையும் உட்கார்ந்தது. அண்ணன் கீபோர்டில் தட்டுவார், நிறுத்துவார், சிரிப்பார். அப்புறம் மூக்கை உறிஞ்சினார். அரை மணி நேரம் ஆட்டமே ஆடவில்லை. சண்டை போடாத திருடன் இன்னும் ஆபத்தானவன் என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் தண்ணீர் வந்தது. நான் வழக்கம்போல் பிளக்கைப் பிடுங்கினேன். அதன் மேல் அண்ணன் ஒரு தலைமுடியை ஒட்டி வைத்திருந்தது எனக்குத் தெரியாது. ஆறு மணிக்கு என் காது அவர் கையில் இருந்தது.

"இனி அந்தப் பிளக்கப் புடுங்குன, நீ உங்க வீட்டுக்குப் போயிரலாம்."

பிடுங்கினால் அண்ணன் அனுப்புவார். பிடுங்காவிட்டால் தொட்டி காயும், பெரியப்பா அனுப்புவார். இரண்டு பக்கமும் ஜுக்கிதான். கடைசியில் என்னைக் காப்பாற்றிக்கொள்ள அண்ணனைக் காட்டிக்கொடுப்பது என்று முடிவு செய்தேன். பெரியப்பாவிடம் பேச நாக்கு எழும்பாது. பெரியம்மா சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். டப்பாவில் கதவு, கேபிள்காரன், பிளக், வெளியாள்.

பெரியம்மா பிசைவதை நிறுத்தவில்லை. "அந்த ஆளு என்ன பண்ணுச்சு?" என்றார்.

"சும்மா கிணத்துமேல உக்காந்திருந்துச்சு பெரியம்மா. அண்ணே டைப் அடிச்சுக்கிட்டே இருந்தாரு. சிரிச்சாரு. அப்புறம் அழுத மாதிரி இருந்துச்சு."

இப்போது கை நின்றது. "மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"பொம்மை மூஞ்சி பெரியம்மா."

விரலில் ஒட்டிய மாவை வழித்துப் போட்டார். பிறகு, "எத்தன மணிக்கு வருது அது?" என்றார். ஆறு மணிக்கு என்றேன். "இத வேற யார்கிட்டயும் சொல்லாத. போ" என்றார். அண்ணனுக்கு நல்ல பூசை காத்திருக்கிறது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் ஐந்தரை மணிக்கு நான் எழுந்து பிளக் பக்கம் போனேன். பெரியம்மா இரண்டு வாளியோடு வாசலில் நின்றார்.

"மோட்டாரு எரிஞ்சுபோச்சு. கீழக் குழாயில புடிச்சுத் தூக்கியாந்திரலாம், வா."

அன்றிலிருந்து தினமும் அதே வேலை. நான் சின்ன வாளி, அவர் இரண்டு பெரிய வாளி. இரண்டு மாடி. மே மாதத்து வெயில் சாயங்காலமும் சுவரில் கொதிக்கும். முதல் மாடித் திருப்பத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பார், பிறகு ஏறுவார். மெக்கானிக்கைக் கூப்பிடச் சொன்ன பெரியப்பாவிடம், "அவன் ஊருக்குப் போயிருக்கானாம்" என்றார். அடுத்த வாரம் கேட்டால், "சாமான் கிடைக்கலையாம்" என்றார். இன்னொரு பழக்கமும் புதிதாக வந்தது. ஏழு மணி அடிக்கப் போகிறபோது ஈரத்துணியை எடுத்துக் கம்ப்யூட்டரைத் தலையிலிருந்து துடைப்பார். தூசியாம். பெரியப்பா வந்து புறங்கையை வைத்தால் ஜில்லென்று இருக்கும்.

அண்ணனுக்குத் தினமும் ஆறு மணிக்கு ஆள் வந்தது. கரண்ட் போகிற நாட்களில் மட்டும் கேபிள்காரன் கடைக்கு ஓடுவார். மற்றபடி தன் கெட்டிக்காரத்தனத்தால்தான் வழி நிலைத்தது என்று நம்பினார். இன்றுவரை அப்படித்தான் நம்புகிறார்.

ஒருநாள் காலையில் பெரியம்மா கோயிலுக்குப் போயிருந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. மோட்டாரைத் தூக்கிவந்து சமையலறையின் சின்னப் பிளக் ஓட்டையில் எப்படியோ ஒயரைச் சொருகிப் பார்த்தேன். கர்ரென்று ஓடியது. பயந்துபோய் நிறுத்தினேன். பெரியம்மா பொய் சொல்கிறார். அண்ணனும் அந்த வெளியாளும் சேர்ந்து அவரை ஏதோ செய்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அன்று முதல் அவரையும் சந்தேகப்பட ஆரம்பித்தேன்.

ஜூலையில் முதல் மழை விழுந்த வாரம், அக்காவின் வீட்டுக்காரர் ஒரு டப்பா இனிப்போடு வந்து வாசலில் நின்றார். அக்காவுக்கு ஏழாம் மாதம், வளைகாப்புக்கு அனுப்பி வைக்கட்டுமா என்று கேட்டார். பெரியப்பா வெகுநேரம் பால்கனியில் போய் நின்றார். திரும்பி வந்து, "மழையில நனையாம கூட்டிட்டு வாங்க" என்றார்.

அக்கா வந்த அன்று நான் அவரை முதல் முறையாகப் பார்த்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியேறி வந்து கூடத்தில் உட்கார்ந்தார். அக்கா காதோடு கிணத்தடி என்று ஏதோ சொல்ல, அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். ஐந்தரை மணி ஆயிற்று. நான் வாளியை எடுத்தேன்.

"வாளி எதுக்கு? போய் மோட்டாரப் போடு" என்றார் பெரியம்மா.

"எரிஞ்சுபோச்சுல்ல பெரியம்மா?"

"இப்ப ஓடும். போடு."

பிளக்கைப் பிடுங்கினேன். டப்பாவின் பச்சை விளக்கு அணைந்தது. அண்ணன் பாய்ந்து வருவார் என்று காதைப் பொத்திக்கொண்டேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெரியம்மா அக்காவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். மூன்று மாதம் ஏன் தண்ணீர் சுமந்தார், இன்று ஏன் நிறுத்தினார், தினமும் வந்த அந்த வெளியாள் இனி எங்கே போவான், எதுவும் எனக்கு அன்று விளங்கவில்லை. ஆறு மணிக்கு அவன் வந்து கதவைத் தட்டி ஏமாந்து போகட்டும் என்று நினைத்துக்கொண்டே, தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்க மாடிக்கு ஓடினேன்.

எழுதி முடித்தது: 2025 நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை.