சிறந்த நடிகைக்கான என் அட்டை

சினிமா விருதுகளைக் கணிப்பதில் எனக்கு இணையான முட்டாள் ஆரணி வட்டாரத்தில் கிடையாது. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. ஆறு வருஷமாக எங்கள் தெருவே சொல்லிக்கொண்டிருப்பதுதான். நான் ஒரு படத்துக்குக் கையைத் தூக்கினால், அந்தப் படத்துக்காரர்கள் விழாவுக்குப் போகாமல் வீட்டிலேயே தூங்கலாம் என்பான் என் மச்சான்.

எங்கள் பந்தயத்தில் நான்கு பேர்: நான், என் மனைவி, அவளுடைய தம்பியான அந்த மச்சான், எதிர்வீட்டு டீச்சர். நாங்கள் இருப்பது ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டில். மனைவி வீட்டுத் தறியில் பட்டுப்புடவை நெய்கிறாள். முதலாளி நீளவாட்டுப் பாவு நூலும் சரிகையும் கொடுத்தனுப்புவார், அவள் புடவையாக்கித் திருப்பித் தருவாள். எனக்குத் தொழில் அட்டை அடிப்பது. புடவைக் கரையில் மயில் வர வேண்டுமென்றால் எந்தெந்த இழை எப்போது மேலே எழ வேண்டும் என்று தறிக்கு யாராவது சொல்ல வேண்டுமே, அதைச் சொல்வது ஓட்டை போட்ட அட்டைகள். ஒரு மயிலுக்கே கட்டுக்கட்டாக அட்டை வேண்டும். அவற்றை வரிசையாகக் கோத்து மாலை போலத் தறியின் தலையில் ஏற்றிவிட்டால், மாலை சுற்றச் சுற்ற மயில் துணியில் இறங்கி வரும். ஓர் ஓட்டை பிசகினாலும் மயில் காட்டிக்கொடுத்துவிடும். என் மயில்கள் போன வருஷம் வரை காட்டிக்கொடுத்ததில்லை. சினிமாவில் நான் எப்படியோ, அட்டையில் எனக்குக் கர்வம் உண்டு.

மச்சான் தேவிகாபுரம் போகும் பஸ்ஸில் கண்டக்டர். டிக்கெட் கொடுத்துக்கொண்டே பயணிகளிடம் கருத்துக் கணிப்பு நடத்துபவன். டீச்சர் பள்ளியில் இங்கிலீஷ் எடுக்கிறார். தியேட்டரோ போனோ, எதில் வந்தாலும் படத்தைப் பார்த்துவிடுவார். மார்க் போடுவதில் ஈவிரக்கம் இல்லாதவர் என்பதால் எங்கள் நடுவரும் அவரே. போட்டியிலும் இருந்துகொண்டு நடுவராகவும் இருப்பது எந்த ஊர் நியாயம் என்று மச்சான் ஒரு வருஷம் கேட்டுப் பார்த்தான். அந்த வருஷம் அவனுடைய கையெழுத்து புரியவில்லை என்று ஒரு மார்க் போயிற்று. படிக்க முடியாத அட்டை செல்லாது என்ற விதி அன்றைக்குப் பிறந்தது.

ஆமாம், எங்கள் கணிப்புகளையும் அட்டையில்தான் எழுதுவோம். ஓட்டை போடாத வெற்று அட்டை என் வீட்டில் எப்போதும் கிடக்கும். ஆளுக்கு ஐந்து அட்டை, ஐந்து விருது. சிறந்த படம், இயக்கம், இசை, நடிகர், கடைசியாகச் சிறந்த நடிகை. எழுதி, பட்டு நூலால் கட்டி, விழாவுக்கு ஒரு மாதம் முன்பே டீச்சரின் பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு மனம் மாறினால் மனதோடு வைத்துக்கொள்ள வேண்டியதுதான். கடைசியாக வருபவர் நான்கு பேருக்கும் பிரியாணி செய்ய வேண்டும். ஆறு வருஷத்தில் என் பிரியாணி நன்றாகத் தேறிவிட்டது.

எங்கள் நால்வரில் படமே சரியாகப் பார்க்காமல் இரண்டாவது இடம் பிடிப்பவள் என் மனைவி. அவளுக்கு ஒரே அளவுகோல், புடவை. "பொய்ப் பட்டக் கட்டிகினு கல்யாண சீன்ல நிக்கிறாங்க. கட்டின துணியே பொய்யின்னா அந்த அழுகைய எப்படிங்க நம்பறது?" என்பாள். டீச்சர் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் மார்க் என்னவோ அவளுக்குத்தான் விழும்.

போன வருஷம் விழா நெருங்கும்போது முதலாளியே எங்கள் வீட்டுக்கு வந்தார். வழக்கமாக ஆள்தான் வரும்.

"ஒரு நடிகை அவார்டு பங்ஷனுக்குக் கட்டிக்கப் போறாங்களாம்மா. யார்னு எனக்கே சொல்லல. ஜல்தியா வேணும். உன் கை சுத்தமான கை, அதான் உன்னாண்ட வந்தேன்."

மனைவி அவர் எதிரில் தலையை மட்டும் ஆட்டினாள். அவர் போன அரை மணி நேரத்தில் மூன்று தெருவுக்குச் சேதி போய்விட்டது. மாம்பழ நிறத்தில் உடல், அரக்குக் கரை, கரை முழுக்க மயில். "புதுப் பட்டு ஆர்டர் குடுத்துட்டு அவார்டு வாங்காம வருவாங்களா? என் புடவை மேடை ஏறும் பாருங்க" என்றாள். இருபது வருஷமாக அவள் நெய்த புடவைகள் எங்கெங்கோ போயிருக்கின்றன. ஒன்றைக்கூட ஒருத்தி உடுத்தி நடப்பதை அவள் பார்த்ததில்லை. இதையாவது பார்த்துவிட வேண்டும் என்பதில் அவளுக்கு இருந்த ஆசை எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

அந்த மயிலுக்கு அட்டை அடித்தவன் நான்தான். மாலையைத் தறியில் ஏற்றும்போது ஓர் அட்டை ஓரத்தில் கிழிந்துவிட்டது. பெரிய விஷயமில்லை. கிழிந்ததைப் பார்த்து அதே இடங்களில் ஓட்டை போட்டு வேறொன்று செய்ய வேண்டும். மதிய வேளை. மேஜைமேல் இரண்டு அட்டைகள். ஒன்று வெற்று அட்டை. இன்னொன்று நான் அப்போதுதான் சிறந்த நடிகையின் பெயரை எழுதிக் கவிழ்த்து வைத்தது. மற்ற நான்கும் கட்டித் தயாராக இருந்தன. சுத்தியலும் உளியும் எடுத்து உட்கார்ந்தேன். அப்போது பார்த்து மச்சான் இரண்டு டிரிப்புக்கு நடுவே சோற்றுக்கு வந்து சேர்ந்தான்.

"மாமா, யாரப் போட்டீங்க?"

"அதச் சொல்லக் கூடாது."

"சொல்லவே வேணாம். அந்தப் பால் சொசைட்டிக்காரியா வந்தாங்களே, மூஞ்சில ஒண்ணுமே காட்டாம. அவங்களத்தான் போட்டிருப்பீங்க. படம் பூரா பால அளந்துகினே இருந்தாங்க. அதுக்கு எவன் குடுப்பான் அவார்டு? அழுவணும் மாமா. மூக்கு ஒழுவ அழுவணும். எங்க பஸ்ல நாப்பது பேரக் கேட்டேன்."

"உங்க பஸ்ல நாப்பது பேரும் தூங்கிகினு வராங்க. டேய், புருஷன் செத்த சேதி வரும்போதும் கை நடுங்காம அளக்கறாங்க பாரு, அதுக்குப் பேரு நடிப்பு!"

டொக். நடிப்பு என்ற சொல்லுக்கு ஒரு அடி. அவன் ஏதோ சொன்னான், நான் ஏதோ சொன்னேன், சொல்லுக்குச் சொல் உளியில் அடி விழுந்தது. ஓட்டை போட்டு முடித்து அட்டையை மாலையில் கோத்தேன். மிச்சமிருந்த அட்டையை நான்கோடு சேர்த்துக் கட்டி டீச்சரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். விவாதத்தில் ஜெயித்த திருப்தி எனக்கு.

மூன்றாம் நாள் மனைவி தறியிலிருந்து கூப்பிட்டாள். "இன்னாங்க, இங்க வந்து பாருங்க. மயிலு தலைக்கு மேல ஒரு புள்ளி கீது."

இருந்தது. ஒவ்வொரு மயிலின் தலைக்கு மேலும் கடுகளவு சரிகைப் புள்ளி. அதற்குள் ஏழு மயில்கள் வந்திருந்தன.

"பாவு பிணைக்கும்போது நாந்தான் இழைய மாத்திட்டேன் போலகீது. தேடிப் பாத்தேன், எதுன்னு கண்ணுக்கே தெரியல. பிரிக்கவும் நேரம் இல்ல. எல்லா மயிலுக்கும் இருந்துட்டுப் போவட்டும், டிசைனுன்னு நெனச்சிக்குவாங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி இழைகளைப் பார்த்தாள்.

மறுநாள் அவள் கடைத்தெருவுக்குப் போனதும் ஸ்டூல் போட்டு ஏறி மாலையைப் புரட்டினேன். நான் மாற்றிக் கோத்த அட்டையில் ஓர் ஓட்டை கூடுதல். பின்பக்கம் என் கையெழுத்தில் 'சிறந்த நடிகை' என்று தலைப்பு. பெயர் இருந்த பகுதி அடுத்த அட்டையோடு ஒட்டி மடங்கியிருந்தது. வெற்று அட்டையை விட்டுவிட்டு எழுதிய அட்டையில் ஓட்டை போட்டிருக்கிறேன், அதுவும் மச்சானோடு மல்லுக்கட்டிய வேகத்தில் ஒன்றைக் கூடுதலாக. டீச்சரின் டப்பாவில் என் சார்பில் தூங்கிக்கொண்டிருப்பது வெற்று அட்டை.

இப்போது மாற்றினால் ஏழு மயிலுக்குப் புள்ளி இருக்கும், மற்றவற்றுக்கு இருக்காது. அப்படியே விட்டுவிட்டு ஸ்டூலிலிருந்து இறங்கினேன். அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அட்டை அடிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று அவளிடமே எத்தனை முறை பீற்றிக்கொண்டிருக்கிறேன்! அந்தக் கர்வம் வாயை அடைத்துவிட்டது. புடவை போனது. முதலாளி தடவிப் பார்த்தார், குறை எதுவும் அவர் கண்ணில் படவில்லை. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

அவளுக்கு அப்படி இல்லை. கடுகு தாளிக்கும்போதுகூடக் கடுகைக் கண்ணருகே பிடித்துப் பார்க்க ஆரம்பித்தாள். கண் டாக்டரிடம் போகலாம் என்றால், "வேணாம், அவரு கண்ணு போச்சுன்னு சொல்லிட்டா?" என்பாள். புடவை திரும்பி வந்துவிடுமோ என்று வாசலில் பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தாள். நான் பேப்பர் படிப்பது போல உட்கார்ந்திருந்தேன்.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு நேரலை. சர்ச்சுக்குப் போய் வந்த புடவையோடே டீச்சர் பிஸ்கட் டப்பாவை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டு டீவி சுவரில் பாதியை அடைத்திருக்கும். ஒவ்வொரு விருதுக்கும் முன்னால் நான்கு அட்டையையும் சத்தமாகப் படிப்பார், பிறகு வாயை மூடிக்கொண்டு பார்ப்போம். நான்கு விருது முடிந்தபோது டீச்சருக்கு மூன்று, மனைவிக்கு இரண்டு, மச்சானுக்கு ஒன்று. எனக்கும் ஒன்று. இசை எனக்கு எப்படியோ விழுந்திருந்தது. கடைசி இடத்துக்கு நானும் மச்சானும்தான் போட்டி.

மனைவிக்கு மார்க்கில் கவனமே இல்லை. கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்பும்போதெல்லாம் அவள் டீவியருகே போய் நின்றாள்.

சிறந்த நடிகை. டீச்சர் அட்டைகளைப் படித்தார். அவர் ஒருத்தியைச் சொன்னார், மச்சான் மூக்கு ஒழுக அழுதவரைச் சொன்னான். மனைவியின் அட்டையில், 'என் புடவை கட்டிக்கினு வரவங்க' என்று இருந்தது. பெயர் இல்லாவிட்டாலும் படிக்க முடிகிறது என்று டீச்சர் அனுமதித்தார். பிறகு என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது காலியா இருக்கே!"

"யாருக்குமே தகுதி இல்லன்றீங்களா மாமா?" என்று மச்சான் தொடையைத் தட்டிச் சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன்.

மேடையில் பெயரைப் படித்தார்கள். பால் சொசைட்டிக்காரி! இத்தனை வருஷத்தில் முதல் முறையாக உலகமே வேண்டாம் என்ற ஒன்றை நான் சரியாகச் சொல்லியிருக்கிறேன். அவர் எழுந்து சாதாரண காட்டன் புடவையில் மேடைக்கு நடந்தார். அதே நொடி கேமரா தோற்றுப்போன ஒரு நடிகையின் முகத்துக்குத் தாவியது. மாம்பழ நிறம். தோளில் அரக்குக் கரை. சிரித்துக்கொண்டே கை தட்டினார் அந்த அம்மா. தோளில் ஒரு மயில், மயில் தலைக்கு மேல் ஒரு புள்ளி, டீச்சரின் டீவியில் மிளகு அளவுக்குத் தெரிந்தது.

மனைவி டீவியை விட்டு நகர்ந்து தரையில் உட்கார்ந்தாள். "மேடையும் ஏறல. என் தப்புதான் ஊரெல்லாம் தெரியுது" என்றாள். பிறகு யாரையும் பார்க்காமல், "நாளைக்கே முதலாளியாண்ட சொல்லிடப் போறேன். ஸ்பெஷல் ஆர்டர் இனிமே வேணாம். கரை இல்லாத புடவையா குடுங்க, அதான் எனக்கு இனிமே சரி."

நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜெயித்ததும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை.

"இழை மாறல. அட்டைல ஒரு ஓட்ட ஜாஸ்தி. நாந்தான் போட்டேன்" என்றேன்.

டீவி சத்தத்தை டீச்சர் குறைத்தார். மச்சானோடு பேசிக்கொண்டே அடித்ததையும், அட்டை மாறியதையும், பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருந்ததையும் ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லும்போதே, வெட்கம் கெட்ட மனசு, "அதுலதான் இப்ப ஜெயிச்சாங்களே, அவங்க பேரும் எழுதியிருந்தேன்" என்றும் சேர்த்துக்கொண்டது.

"அப்ப அட்டைய எடுத்துட்டு வாங்க, பாக்கலாம்" என்றார் டீச்சர். நடுவர் நடுவர்தான். வீட்டுக்கு ஓடிப்போய் மாலையிலிருந்து கழற்றிக் கொண்டுவந்தேன். 'சிறந்த நடிகை' என்ற தலைப்பு பளிச்சென்று இருந்தது. அதற்குக் கீழே, பெயர் எழுதிய இடம் முழுக்க ஓட்டை. மயிலின் தலை வரும் இடம் அது, நெருக்கமாக விழும். டீச்சர் அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அந்தப் பக்கத்துக் கொய்யா மரம் தெரிந்தது, ஓர் எழுத்தும் தெரியவில்லை.

"படிக்க முடியாத அட்டை செல்லாது" என்றார்.

மச்சானுக்கும் எனக்கும் சமம். ஆனால் வெற்று அட்டை கொடுத்ததற்கு ஒரு மார்க் குறைத்து, என்னைக் கடைசியாக்கினார்.

மனைவி அந்த அட்டையை வாங்கி ஓட்டைகளை விரலால் தடவினாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"அப்ப என் கண்ணு நல்லாத்தான் கீதா?"

தலையாட்டினேன். அவள் எழுந்து போய் டீச்சரின் தையல் டப்பாவைத் திறந்தாள். இருப்பதிலேயே சின்ன ஊசியை எடுத்து, ஜன்னல் பக்கம்கூடப் போகாமல், ஒரே வீச்சில் நூலைக் கோத்தாள். அவிழ்த்து இன்னொரு முறை கோத்தாள். அழுதாள், சிரித்தாள். அதற்கப்புறம்தான் கத்தினாள். எதிர்வீடு வரைக்கும் கேட்டிருக்கும், ஆனால் எதிர்வீட்டில் யாரும் இல்லை, அது எங்கள் வீடு.

அடுத்த ஞாயிறு பிரியாணி செய்தேன். நன்றாக இருந்தது என்று மூன்று பேரும் ஒத்துக்கொண்டார்கள். ஸ்பெஷல் ஆர்டர்கள் இன்னும் வருகின்றன. அந்த அட்டையை அவள் தறிப் பக்கத்து ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாள். புது அட்டைகளை நான் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறாள், கண்ணாடி இல்லாமல்.