சத்தம் வராத ஒலிக்கோப்பு

பம்பலப்பிட்டியில் ஒரு சிறிய மென்பொருள் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வாசிக்கத் தெரியாத நோயாளிகளுக்கு மருந்து எடுக்கும் முறையைக் குரலில் சொல்லும் செயலி ஒன்றை ஒரு கிளினிக்குக்காகச் செய்தோம். ஒலிக்கோப்பின் வடிவத்தை நான்தான் முடிவு செய்தேன். எம்.பி.3 பழையது என்று ஒதுக்கிவிட்டு, அளவில் சிறியதும் ஒலியில் தெளிவானதுமான ஓபஸ் என்ற புதிய வடிவத்தைத் தேர்ந்தெடுத்தேன். சில பழைய போன்களில் அது ஒலிக்காது என்று, செயலியைச் சோதித்துப் பார்த்த அலுவலகத் தோழி எச்சரித்தாள்.

"அப்பிடிப் போன் இப்ப ஆர் வச்சிருக்கினம்?" என்றேன்.

இரண்டு வாரத்தில் கிளினிக் தாதி அழைத்தார். கொட்டாஞ்சேனையில் மீன் விற்கும் ஓர் அக்கா, பிரஷர் குளிசையை அனுமானத்தில் இரட்டிப்பாகப் போட்டு மயங்கி விழுந்திருந்தார். தாதியுடன் அவர் வீட்டுக்குப் போனேன். தேறியிருந்தார். போனை என்னிடம் நீட்டி, செயலியின் பொத்தானை அழுத்திக் காட்டினார்.

"ஒவ்வொரு நாளும் அமத்திறன் தம்பி, சத்தமே வரேல்ல. எனக்கு அமத்தத் தெரியேல்ல போல. குறை நினைக்காதேங்கோ."

போன் பழசு என்று சொல்லித் தப்பியிருக்கலாம். அந்தச் சொல் வாய்வரை வந்தது.

"உங்களில பிழையில்லை அக்கா. நான்தான் பிழையான கோப்பைப் போட்டனான்."

கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவரோ முகம் மலர்ந்து தாதியிடம் திரும்பினார்.

"கேட்டீங்களா மிஸ்ஸி? நான் சரியாத்தான் அமத்தியிருக்கிறன்."

அன்றே எல்லாவற்றையும் எம்.பி.3-க்கு மாற்றினேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் இதற்குள் மறந்திருப்பேன்.