ஏழாம் நம்பர் பந்தயக் கார்

புதன்சந்தையில் காளியண்ணன் ஒரு மாட்டின் முதுகில் கையை வைத்தால், சுற்றி நிற்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். மாட்டுத் தரகர்களிலேயே அவர் அதிகம் பேசாதவர். சுழி பார்ப்பார், பல் பார்ப்பார், பிறகு வாங்குகிறவரின் கையைத் துண்டுக்குள் இழுத்து விரல்களை அமுக்குவார். அந்த விலைதான் விலை. ரேக்ளாப் பந்தயத்துக்கு மாடு தேடுகிறவர்கள் பரமத்தியிலிருந்தும் திருச்செங்கோட்டிலிருந்தும் அவரைத்தான் தேடி வந்தார்கள்.

விற்கிறவன் எதை மறைக்கிறானோ அதைத்தான் அவர் முதலில் பார்ப்பார். கொம்பில் எண்ணெய் அதிகம் மின்னினால் நகத்தால் சுரண்டுவார். ஓரிடத்தில் மயிரை ஒட்டக் கத்தரித்திருந்தால் அங்கே பழைய சூட்டுத் தழும்பு இருக்கும். தழும்பு கிடைத்துவிட்டால் மாடு யார் கட்டுத்தரையில் வளர்ந்தது, எதற்காக விற்கப்பட்டது என்று சொல்லிவிடுவார். மறைத்தது எதுவோ அதுதான் உண்மை என்பது அவருடைய கணக்கு. அது ஒருநாளும் தப்பியதில்லை.

மேட்டூர் அணை திறந்த மறுவருஷம் பண்ணைக்காரர் தங்கசாமி அவரைச் சேலத்துக்குக் கூட்டிப்போனார். மாடு வாங்க அல்ல, கார் வாங்க. பெங்களூர்ப் பக்கம் நடந்த மோட்டார்ப் பந்தயத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை ஓட்டி முதலாவதாக வந்த கார் விலைக்கு இருப்பதாக யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

எனக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் என்று காளியண்ணன் புறப்படும்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்க வாயெடுத்தார். அதற்குள் பக்கத்தில் நின்ற ஒருவன், "பந்தய மாடு பாக்கறவருக்குப் பந்தயக் காரு ஒரு பெரிய சமாச்சாரமுங்களா?" என்றான். அது அவருக்கு இனித்தது. பேசாமல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

சேலத்தில் ஒரு தகரக் கொட்டகைக்குள் கார் நின்றது. நீள மூக்கு, இரண்டே இருக்கை, கூரை இல்லை, உடம்பெல்லாம் பச்சை.

"இது நெசமாலுமே பந்தயம் ஓடினதா, இல்ல சும்மா ஓடுன பழைய கார வெட்டி ஒட்டிப் பந்தயக் காராட்டம் பண்ணிருக்கறாங்களா, அதத்தான் நீங்க சொல்லோணும்" என்றார் தங்கசாமி. "நெசம்னா கேக்கற வெலயக் குடுத்துடறேன். இல்லீன்னா இது வெறும் தகரம்."

காளியண்ணன் காரைச் சுற்றி வந்தார். விற்பவன் காரின் மூக்கைத் திறந்து காட்டினான். உள்ளே குழாயும் கம்பியுமாகக் குடல் சரிந்தது போல் கிடந்தது. ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியது போலத் தலையை ஆட்டினார். மூடிய பிறகு பக்கவாட்டில் ஓரிடத்தில் மட்டும் பச்சை கொஞ்சம் தடித்திருப்பதைக் கண்டார். கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். அடியில் வெள்ளையாக ஒரு கோடு, அப்புறம் இன்னொரு கோடு. ஏழு.

"ஐயையோ, அதச் சொரண்டாதீங்க சாமி!" என்று விற்பவன் ஓடிவந்தான். "தொரை அவுரு பந்தய நம்பரு வெளிய தெரியப்படாதுன்னு பூசச் சொல்லிப்போட்டாரு!"

காளியண்ணனின் மார்பு நிறைந்துவிட்டது. மறைத்ததைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனாலும் அந்தப் பச்சைப் பூச்சு, காய்ச்சின பாலின் ஆடை மாதிரி அவ்வளவு சுலபமாக உரிந்து வந்தது அவருடைய நகத்துக்குத் தெரிந்தது. நகம் சொன்னதை அவர் கேட்கவில்லை. தங்கசாமியின் கையைத் துண்டுக்குள் இழுத்தார். "நெசந்தானுங்க" என்றார்.

அந்தக் கார் போன ஊரெல்லாம் அவர் பெயரும் போயிற்று. சந்தையில் அவரைக் 'காருக்குச் சுழி பாத்தவரு' என்றார்கள். "காருக்கு எத்தன பல்லுங்க?" என்று அவர் மனைவி அத்தாயி மட்டும் சிரித்தாள்.

ஆடிப் பதினெட்டுக்கு எல்லோரும் ஜேடர்பாளையத்து ஆற்றங்கரைக்குப் போயிருந்தார்கள்; தங்கசாமி பச்சைக் காரிலேயே வந்திருந்தார். அந்த ஊர் அர்த்தநாரியும் ஒரு காரில் வந்து இறங்கினார். நீலக் கார். அதே நீள மூக்கு, அதே இரண்டு இருக்கை.

"பெங்களூர்ப் பந்தயத்துல மொதல்ல வந்த காருங்க" என்றார் அர்த்தநாரி பெருமையாக.

"அது எங்கிட்டயல்லொ இருக்குது!" என்றார் தங்கசாமி.

அர்த்தநாரி விரல் மோதிரத்தால் நீலத்தைச் சுரண்டிக் காட்டினார். அதே இடத்தில், அதே சாய்வில், ஒரு ஏழு. "ஒரு பந்தயத்துல ரெண்டு பேரு மொதல்ல வந்துட்டாங்களாட்ட இருக்குது" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. "காளியண்ணனக் கூப்புடுங்க! எது நெசம், எது பொய்னு அவுரு சொல்லட்டும்!"

ஆற்றில் முழுகி ஈரவேட்டியோடு வந்தார் காளியண்ணன். இரண்டு காரிலும் இருந்த நம்பரைப் பார்த்தார். பார்த்தவுடனே புரிந்துவிட்டது. நம்பரை எழுதி, அதன்மேல் மெல்லிசாகப் பூசி, சுரண்டிப் பார்க்கிற ஆளுக்காகவே மறைத்திருக்கிறார்கள். தன்னைப் போன்ற ஆளுக்காகவே. முகம் பற்றி எரிந்தது.

"எனக்குக் காரு தெரியாதுங்க" என்றார். "அன்னிக்கும் தெரியாதுங்க."

பின்னாலிருந்து ஒருவன் கையைத் தட்டினான். "பாத்தீங்களா, அர்த்தநாரி மனசு நோகப்படாதுன்னு மறைக்கறாரு!"

"தரகரு என்னிக்கு மொகத்துக்கு நேரா ஒருத்தரு மாட்டக் கொற சொல்லிருக்காரு? காரச் சொல்லுவாரா?"

கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. அர்த்தநாரியின் முகம் சுருங்கிப் போயிற்று. தங்கசாமி தம் சரிகைத் துண்டை எடுத்துக் காளியண்ணனின் ஈரத்தோளில் போர்த்தி, தோளை இறுகப் பிடித்தார். காளியண்ணன் வாயைத் திறந்தார். சுற்றிலும் அத்தனை பேரும் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டார்.

கூட்டம் கலைந்த பின் அர்த்தநாரி அவரிடம் வந்தார். கோபமே இல்லை. "உங்களயே கூட்டிட்டுப் போயிருக்கோணுமுங்க. கெணத்து மேட்டு வெள்ளாமக் காட்ட வித்து வாங்கினேன். மூத்த பையன் அப்பவே வேண்டாம்னான். இனி எந்த மொகத்தோட ஊட்டுக்குள்ள போவேன்?"

காளியண்ணன் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். அர்த்தநாரியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து சோற்றின் முன் உட்கார்ந்ததும் அத்தாயியிடம் எல்லாவற்றையும் சொன்னார். பச்சை உரிந்த விதத்தையும் சொன்னார். அவள் குழம்பை ஊற்றிவிட்டுக் கரண்டியோடு நின்று கேட்டாள்.

"இத அங்க சொல்லறதுக்கென்னுங்க?"

"சொன்னேன் புள்ள. ஆரும் நம்புல."

"ரெண்டாந்தரம் சொன்னீங்களா?"

காளியண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாயில் வைக்கவில்லை.