ஐந்து வாரம் மிச்சமிருந்தபோது

தொருன் பதினோரு வருடம் சுற்றுலாக் கப்பல்களில் நர்ஸாக இருந்தவள். நான்கு மாதம் கடல், இரண்டு மாதம் நார்வேயில் கிறிஸ்டியான்சுண்டு ஊரில் வீடு. கணவன் ஓட்வார் படகுப் பட்டறையில் இன்ஜின் பழுது பார்ப்பவன். மகள் இங்வில்லுக்குத் தலை பின்னிவிட்டதும், காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்ததும், பள்ளிக்கூடக் கூட்டங்களுக்குப் போனதும் அவன்தான்.

"உங்க வீட்டுல அம்மா யாருப்பா?" என்று பட்டறையில் சீண்டுவார்கள்.

"நான்தான். அப்பா கப்பலுக்குப் போயிருக்கார்" என்பான்.

இங்வில்லுக்குப் பதினாலு வயதானபோது, இதுதான் கடைசிப் பயணம் என்று சொல்லிவிட்டுத் தொருன் புறப்பட்டாள். ஊர் மருத்துவமனையில் மே மாதம் முதல் அவளுக்கு வேலை உறுதியாகியிருந்தது.

ஒப்பந்தம் முடிய ஐந்து வாரம் இருக்கையில், ஒரு ஞாயிறு மதியம் கரீபியக் கடலிலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். ஓட்வார் சமையலறையில் உட்கார்ந்திருந்தான்.

"என்ன, மூஞ்சியெல்லாம் மஞ்சளா தெரியுது? கண்ணக் கிட்டக் காட்டு."

"புது பல்பு போட்டிருக்கேன், அதான். உனக்குப் பார்க்கிறவன் எல்லாம் நோயாளிதான்!" என்று சிரித்தான்.

அவளும் சிரித்தாள். பயணி ஒருத்தர் நடந்து வரும் விதத்திலேயே கோளாறைச் சொல்லிவிடுகிறவள் அவள். அதற்குள் சிகிச்சை அறையிலிருந்து அழைப்பு வரவே, போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை இங்வில்லிடமிருந்து செய்தி வந்தது: "பல்பு மாத்தவே இல்ல. வாம்மா."

ஓட்வாருக்குக் கணையத்தில் புற்றுநோய். டாக்டர் சொல்லிப் பத்து நாளாகியிருந்தது. சில மாதம் தாங்கும் என்றிருந்தார்கள். தொருன் ஒப்பந்தத்தை நிம்மதியாக முடித்துவிட்டு வரட்டும், அதுவரை சொல்லக்கூடாது என்று ஓட்வார் மகளிடம் சத்தியம் வாங்கியிருந்தான்.

அடுத்த துறைமுகம் இரண்டு நாள் தூரத்தில். அந்த இரண்டு நாளும் தொருன் அடுத்தவர்களுக்கு ஊசி போட்டாள், கட்டுப் பிரித்தாள். பிறகு மூன்று விமானம் மாறி வந்து சேர்ந்தபோது, நோய் டாக்டர் சொன்னதைவிட வேகமாக முற்றியிருந்தது.

"வேலைய முடிச்சுட்டா வந்த?" என்றான் ஓட்வார், தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல்.

"பேசாம இரு."

குளிப்பாட்டினாள், மருந்து கொடுத்தாள், உதட்டை நனைத்தாள். யாரையும் கிட்டே விடவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் அவன் போய்விட்டான்.

மே மாதம் அவள் ஊர் மருத்துவமனையில் சேர்ந்தாள். வீடியோவில் பேசிய அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி இங்வில் பேச்சே எடுக்கவில்லை. ஒரு வருடம் கழித்து, பாத்திரம் துடைத்துக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

"நீ நர்ஸ்தானேம்மா? அன்னைக்கே உனக்குத் தெரியலியா?"

தொருன் குழாயை மூடினாள். "தெரிஞ்சுது. உங்கப்பா சிரிச்சதும் விட்டுட்டேன். பல்புன்னே இருக்கட்டும்னு தோணிச்சு."

மகள் திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தாள். இங்வில் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"நான் பத்து நாள் வாயே திறக்கலம்மா" என்று சொல்லி உடைந்து அழுதாள்.

அவளைக் கட்டிக்கொண்டாள் தொருன். 'உன் தப்பு இல்ல' என்று எத்தனையோ நோயாளிகளின் பிள்ளைகளுக்குச் சொன்னவள்தான். தனக்கே சொல்லிக்கொள்ள முடியாத அந்த மூன்று வார்த்தையை அன்று மகளிடம் அவளால் சொல்ல முடியவில்லை.